இடையில் என்ன செய்தீர்கள்?

கந்தப்பளைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரம் செய்யும் உறவினர் ஒருவர், கணக்கெழுத ஆள் எடுக்க என்னையும் கூட்டி உட்கார வைத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற மரியாதைதான். 2024ஆம் ஆண்டு அது. தோட்டத்துப் பிள்ளையொருத்தி வந்திருந்தாள். 2020இல் கலைப்பட்டம் பெற்றவள். அதன் பின்னர் விண்ணப்பத்தில் எதுவுமில்லை.

“நாலு வருஷமும் சும்மாவா இருந்தீங்க மகள்?” என்றேன்.

“மரக்கறித் தோட்டத்துல கூலிக்குப் போனேன் சேர். லீக்ஸ் கழுவிக் கட்டுனேன். புள்ளைகளுக்கு டியூசன் குடுத்தேன். அதையும் எழுதணுமா?”

கொழும்புப் பக்கம் கடைகளில் முயன்றிருக்கலாமே என்றதற்கு, “ஈபிஎப் நம்பர் விழுந்தா கவுர்மெண்ட் லிஸ்ட்ல பேர் வெட்டுப்படும். எங்க லயத்து அக்காவுக்கு அப்பிடித்தான் ஆச்சு” என்றாள்.

அவள் அஞ்சியது வீணாகவல்ல. 2020இல் ஐம்பதாயிரம் பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவில் பயிலுனர்களாகச் சேர்க்க அரசாங்கம் முன்வந்தபோது, ஊழியர் சேமலாப நிதியில் பெயர் இருந்த பலர் தொழிலுள்ளவர்களெனக் கணிக்கப்பட்டு, முதலில் விடுபட்டுப் போனார்கள். மேன்முறையீடு செய்ய வேண்டியதாயிற்று. சும்மா இருக்காமல் ஏதோவொரு கடையில் நின்றதுதான் அவர்கள் செய்த பிழை. இவள் அதைப் பார்த்துக் காத்திருந்தாள். 2022இன் நெருக்கடியோடு, காத்திருந்த பட்டியலும் வராமற் போயிற்று.

ஆக, அரசாங்கத்திடம் தகுதியாக நின்ற அதே வெற்றிடம் எங்கள் மேசையில் குற்றமாகி விடுகிறது. தொழிற்படைக் கணக்கெடுப்போ வேறு கதை சொல்லும்: அந்த வாரத்தில் ஒரு மணித்தியாலம் கூலிக்கு உழைத்திருந்தாலும் ஒருவர் தொழிலுள்ளவரே. லீக்ஸ் கட்டிய வாரங்களில் அவள் வேலையற்றவளே அல்ல!

முதலாளிமாரையும் முற்றாகக் குறைசொல்ல மனம் வரவில்லை. “நியமனம் வந்தா அடுத்த நாளே போயிடுவா நானா” என்றார் உறவினர். உண்மைதான், போவாள். ஆனால் இது அவள் குணத்தைப் பற்றிய சந்தேகமல்லவே. அரசாங்கத்தின் வாக்குறுதியைப் பற்றியது. அதற்கு அவளிடமா வட்டி வாங்குவது? வேறொருவர் முன்பு வேலை கொடுத்திருந்தால் நம்புகிறோம். ஒருவரை நாமே பார்த்து மதிப்பிடும் சிரமத்தை அடுத்த கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டோம் போலும்.

அவளது விண்ணப்பத்தின் வெற்றிடத்தில் நானே பென்சிலால் எழுதினேன்: மரக்கறித் தோட்டம், டியூசன். உறவினர் வாசித்துச் சிரித்தார். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் இரண்டு வருடம் நின்ற பையன்தான் தெரிவானான். அவனிடம் நான் அதிகம் எதுவும் கேட்டிருக்கவில்லை.