மாத்திரையும் மனச்சான்றும்

கலிபோர்னியாவில் 2019இல் இயற்றப்பட்டு 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், மருந்துவழிக் கருக்கலைப்பை, அதாவது அறுவையின்றித் தொடக்க வாரங்களில் மாத்திரைகளால் கருவைக் கலைக்கும் முறையை, அரசுப் பல்கலைக்கழக மருத்துவ மையங்களிலேயே மாணவியர் பெற வழிசெய்தது. மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரை ஒன்றை விழுங்கி, ஓரிரு நாளில் மிசோப்ரோஸ்டால் நான்கைக் கன்னத்தில் அடக்கிக் கரையவிடும் அச்சிறு செயலின்மேல், கருவில் ஆன்மா எப்போது சேர்கிறது என்னும் பெருங்கேள்வி நிற்கிறது. கருவுற்ற கணமுதலே கருவை மனித உயிராக மதிக்க வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபை இன்று போதித்தாலும், அதன் பேரறிஞர் தாமஸ் அக்குவினாஸ், கருக்கலைப்பைப் பாவமென்றே கொண்டபோதும், உடல் உருப்பெற்ற பின்னரே அறிவுள்ள ஆன்மா அருளப்படுகிறது எனக் கருதினார். யூதரின் சமயநூலான தல்மூதோ முதல் நாற்பது நாள் கருவை நீராகவே எண்ணுகிறது. சமயங்களே ஒருமுகப்படாத இவ்விடத்தில் முடிவெடுக்க வேண்டியவள் கருவுற்ற பெண்ணே. மனச்சான்றின்படி மறுக்கும் மருத்துவருக்கும் இடமுண்டு, ஆனால் வண்டியில்லாத பத்தொன்பது வயதுப் பெண்ணை அப்போது வேறொரு மருத்துவரிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பு பல்கலைக்கழக மருத்துவ மையத்துடையது.