நிலாவில் அமாவாசை என்றைக்கு?

ஆடி அமாவாசை தகப்பனுக்கு, சித்திரா பௌர்ணமி தாய்க்கு என்று விரதம் பிடிக்கும் ஈழத்துக் குடும்பங்கள் ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் உண்டு. யாழ்ப்பாணத்துக் கலண்டரில் ஒரு தேதி இருக்கும். ரொறன்ரோவுக்கெனக் கணித்த பஞ்சாங்கத்தில் சில ஆண்டுகளில் அதற்கு முதல் நாள் இருக்கும். இரண்டிலும் பிழையில்லை. திதி மாறுவது உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில்தான். அந்தக் கணம் யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் அதிகாலை என்றால் இங்கே ரொறன்ரோவில் முந்திய நாள் இரவு. ராகுகாலமும் அப்படித்தான். பகலை எட்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு அது. ஊரில் ஒன்றரை மணி நேரம் என்று மனப்பாடமாய் இருந்தது, இங்கே டிசம்பர் கடைசியில் ஏறத்தாழ 67 நிமிடமாகச் சுருங்கி, ஜூனில் 116 நிமிடமாக நீள்கிறது. நிற்கும் இடத்து வானத்தைக் கொண்டு நாளைக் கணி என்பதே புலம்பெயர்ந்தவர்கள் கண்ட விடை. நேர்மையான விடை. மனிதர் நிலாவில் குடியேறினால் அது அங்கே செல்லுமா என்பதே என் கேள்வி.

நிலாவில் தங்க முடியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பொள்ளாச்சிப் பக்கத்து மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1 நிலா மண்ணில் நீரின் தடயம் இருப்பதைக் காட்டியது. 2009இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. விழுப்புரத்து வீரமுத்துவேல் வழிநடத்திய சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று தென் துருவத்தை அண்டி இறங்கி, மண்ணுக்குள் வெப்பமானியைச் செலுத்தியது. மேலே ஏறத்தாழ 50 பாகை செல்சியஸ். 8 சென்டிமீட்டர் ஆழத்திலேயே உறைநிலைக்குக் கீழே 10 பாகை. அந்த மண் அவ்வளவு நல்ல போர்வை. வீட்டின் மேல் அதைக் கனமாகக் குவித்தால் வெயிலும் குளிரும் கதிர்வீச்சும் மட்டுப்படும். ஆனால் உள்ளே காற்று, நீர், உணவு எல்லாமே பூமியைப் போலச் செய்துகொண்டவையாக இருக்க வேண்டும். 1972இல் அப்போலோ 17இல் போன ஹாரிசன் ஷ்மிட்டுக்கு உடையில் ஒட்டிவந்த தூசியே மூக்கை அடைத்தது. உயிருக்குத் தனு (உடல்), கரணம் (உட்கருவி), புவனம் (உலகு), போகம் (நுகர்வு) ஆகியவற்றை இறைவன் தருகிறான் என்கிறது சைவ சித்தாந்தம். உடலையும் உலகையும் அது ஒரே மூச்சில் சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். இந்தத் தனு இந்தப் புவனத்துக்கானது. நிலாவுக்குப் போகிறவர் பூமியில் ஒரு துண்டைச் சுமந்துகொண்டுதான் அங்கே பிழைக்க முடியும்.

நாட்கணக்கும் அப்படியே. நிலாவில் பகல் மட்டும் நம் கணக்கில் 14 நாளுக்கு மேல் நீளும். அதை எட்டாகப் பிரித்தால் ராகுகாலம் 44 மணி நேரம். திதியின் நிலை இன்னும் கடினம். சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே பூமியிலிருந்து பார்க்கும்போது விழும் கோணத்தில் 12 பாகைக்கு ஒரு திதி. சந்திரன் மேலேயே நிற்பவருக்குச் சந்திரன் வளர்வதுமில்லை, தேய்வதுமில்லை. அவர் வானில் வளர்ந்து தேய்வது பூமி, அதுவும் தலைகீழாக. ஆகவே அஜின்கோர்ட்டின் விதி அங்கே உடைகிறது. பூமியை வைத்துப் புதுப் பஞ்சாங்கம் எழுதலாமே என்பார் உண்டு. எழுதலாம், ஆனால் அது தகப்பன் வாழ்ந்த நாளின் கணக்கு ஆகாது. திதி என்பது சூரியன், சந்திரன், பூமி மூன்றின் உறவு, அதில் நாம் நிற்கும் இடம் பூமி. விட்டு வந்த ஊரின் திதியையே அங்கும் கொள்ள வேண்டும். 2007இல் மலேசியாவின் ஷேக் முஸாபர் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது, தொழுகை நேரத்துக்கு அவர் புறப்பட்ட இடத்தின் நேரத்தைக் கொள்ளுமாறு அந்நாட்டு மார்க்க அறிஞர்கள் வழிகாட்டினார்கள். அவர்கள் வந்து சேர்ந்த இடமும் இதுவே.

சந்திரன் தெய்வம், திங்களூர்க் கோயிலில் கும்பிடுகிறவனை மிதிக்கலாமா என்று கேட்பவருக்குச் சொல்ல ஒன்று உண்டு. பூமியும் நமக்குத் தேவிதான். பரதம் ஆடுகிறவர் அவளிடம் பொறுத்தருளக் கேட்டுவிட்டே காலை வைக்கிறார். அந்தப் பணிவோடு போனால் குற்றமில்லை. எனக்கு உறுத்தும் மறுப்பு வேறு: அங்கேயே பிறக்கும் குழந்தைக்குப் பூமித் திதி யாருடையது? பூமியில் ஆறில் ஒரு பங்கே உள்ள நிலாவின் ஈர்ப்பில் இதுவரை ஒரு குழந்தையும் வளர்ந்ததில்லை. விண்வெளி நிலையத்தில் எடையின்றி இருப்பவர்க்கு இடுப்பெலும்பு மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் தேய்கிறது. அஜின்கோர்ட்டில் பிறந்த பிள்ளை விரும்பினால் விமானம் ஏறிக் கீரிமலைக் கேணியில் இறங்கலாம். நிலாவில் வளர்ந்த பிள்ளையின் கால்கள் பூமியின் ஈர்ப்பைத் தாங்குமா என்று தெரியாதவரை, பெரியவர்கள் போகட்டும், தங்கட்டும், திரும்பட்டும். பிள்ளை பெற அவர்களுக்கு உரிமை இல்லை என்பதே என் முடிவு. அப்படிப் போனவர் ஆடி அமாவாசையன்று நம் பக்கம் பார்த்த நிலப்பரப்பில் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தால், அவர் வானத்தில் அன்றைக்கு முழுப் பூமி நிற்கும்.