வாக்கு யாருடைய அமானிதம்?

பிக்ஹுப் பாடத்தில் வக்காலத் பற்றிய இயலை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் வினவினார்: “ஹஜ்ரத்! நம் சட்டமன்ற உறுப்பினர் நமக்கு வக்கீல் ஆவாரா?” வினா எளிது, விடை எளிதன்று.

வக்கீல் என்பவர் பிறர்பொருட்டுச் செயலாற்றுபவர். ஏவியவர் இட்ட எல்லையை அவர் மீறலாகாது. ஏவியவர் விரும்பினால் அவரை நீக்கிவிடலாம். அநாதைச் சிறுவரின் பொருளைக் காக்கும் ‘வலி’யோ தம் அறிவுகொண்டு, அச்சிறுவரின் நலனொன்றையே நோக்கிச் செயலாற்றுபவர். 1774இல் பிரிஸ்டல் நகர வாக்காளரிடம் எட்மண்ட் பர்க், பிரதிநிதி தம் சொந்தத் தீர்ப்பின்படியே நடக்க வேண்டுமென வாதிட்டார். ஆயினும் வாக்காளர் அநாதைச் சிறுவரல்லரே!

நம் நாட்டுச் சட்டம் மூன்றாவது வழியொன்றை வகுத்தது. 1967இல் ஹரியானாவின் கயா லால் என்னும் உறுப்பினர் இரு வாரங்களுக்குள் மும்முறை கட்சி மாறினார். இத்தகைய தாவல்களைத் தடுக்கவே 1985இல் 52ஆவது திருத்தம் அரசமைப்பில் பத்தாம் அட்டவணையைச் சேர்த்தது. கட்சியைத் தாமாகத் துறப்பவரும், கட்சிக் கட்டளைக்கு மாறாக வாக்களிப்பவரும் பதவி இழக்க நேரும். வாக்களித்த மக்களால் இடையில் நீக்கவியலாத ஒருவரைக் கட்சிக் கட்டளை நீக்கவல்லது! ஏவியவரின் ஆசனத்தில் கட்சி அமர்ந்துகொண்டது.

தீர்ப்பளிப்பவரோ பேரவைத் தலைவர். தமிழகத்தில் 2017 பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பில் தம் கட்சி அரசை எதிர்த்து வாக்களித்த 11 பேரின் பதவி நிலைத்தது. முதலமைச்சருக்கு ஆதரவில்லையென ஆளுநரிடம் கடிதம் தந்தோருள் 18 பேர் அவ்வாண்டு செப்டம்பரில் பதவி இழந்தனர். அத்தகுதிநீக்கம் செல்லுமெனச் சென்னை உயர்நீதிமன்றம் 2018 அக்டோபரில் தீர்ப்பளித்தது. சட்டம் முடிவு கூறியது. மனசாட்சியின் வினா எஞ்சி நிற்கிறது.

கட்சியின் உரிமையை நாம் முற்றாக மறுக்கவியலாது. அதன் சின்னத்தையும் வாக்குறுதிகளையும் காட்டித்தானே அவர் வாக்குக் கேட்டார்? ஆதலால் அரசு நிலைக்குமா என்னும் வாக்கெடுப்பில் கட்சியுடன் நிற்பது வாக்குறுதியைக் காப்பதாகும். மனம் ஒப்பாதவர் பதவி துறந்து மக்களிடம் மீள்வதே நேர்மை. மற்றைய மசோதாக்களிலோ தொகுதியின் துயரத்தைச் சொல்லும் நாவைக் கட்டளையால் கட்டுதல் தகாது.

மாணவருக்கு நான் சொன்ன விடை இதுவே: “அவர் வக்கீலுமல்லர், வலியுமல்லர், அமானிதம் சுமந்த அமீன்.”

அவர் விடவில்லை. “வாக்குக்குக் காசு வாங்கியவர் பின்னர் அமீனிடம் கணக்குக் கேட்கலாமா?” என்றார்.

பொருளை விற்றுவிட்டவர் அதனை அமானிதமென்று எவ்வாறு உரிமை கோருவார்? அன்றைய பாடம் அவ்வினாவோடு முடிந்தது.