ஏமாற்றமும் ஏமாற்றுதலும்

'ஏமாற்றம்' என்னும் தமிழ்ச்சொல் விந்தையானது. விரும்பியது கிட்டாதபோது எழும் மனச்சோர்வையும் அது குறிக்கும். பிறர் செய்த வஞ்சனையையும் அதுவே குறிக்கும். இரு நிலைகளும் ஒரு சொல்லில் அடங்கியதனாலோ என்னவோ, மனம் சோர்ந்தவன் உடனே தன்னை ஏமாற்றியவன் யாரெனத் தேடத் தொடங்குகிறான். அப்படி ஒருவன் இருந்தே ஆகவேண்டுமா?

மின்னணு விளையாட்டுப் பிரியர்களிடையே இவ்வினா அடிக்கடி எழுவதுண்டு. 1995ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்சில் தொடங்கிய 'இ3' கண்காட்சி, 2023 டிசம்பரில் நிரந்தரமாகக் கைவிடப்படும் வரை, அவர்களுக்குத் திருவிழாவாகவே விளங்கிற்று. வரவிருக்கும் விளையாட்டுகளை நிறுவனங்கள் அங்கேதான் அறிவிக்கும். 2008 ஜூலையில் நிண்டெண்டோ நிறுவனம் நடத்திய அரங்கில், மாரியோ, செல்டா வரிசைகளின் அடுத்த பெரும் படைப்பு எதுவும் இடம்பெறவில்லை. முடிவில் மேடையேறியது 'வீ மியூசிக்' என்னும் எளிய இசை விளையாட்டு. நெடுநாள் அன்பர்கள் கொதித்தனர். தாங்கள் கைவிடப்பட்டதாகவே கருதினர்.

அச்சினத்தை அற்பமென்று தள்ளிவிடலாகாது. வாக்குக் கொடுக்கவில்லையே என்பது பாதி விடைதான். இலை போட்டு உட்காரவைத்தவன், "சோறு போடுவதாக வாய்திறந்து சொன்னேனா?" என்று கேட்க முடியுமா? உலகையே கூட்டி ஆவலை வளர்த்து வாணிகம் செய்பவனுக்கும் ஒரு கடன் உண்டு.

ஆயினும் அக்கடன் யாது? உள்ளதை உள்ளபடி காட்டுவதன்றி வேறில்லை. செல்டா 2006இலும் மாரியோ 2007இலும் வந்துவிட்டன. அடுத்த உணவு அடுப்பில் இருந்தது. 'சூப்பர் மாரியோ கேலக்சி 2' மறு ஆண்டில்தான் அறிவிக்கப்பட்டது. 2010 மே மாதத்தில் கடைகளுக்கு வந்தது. மேடை வெறுமையாயிருந்த அந்த ஆண்டில் பட்டறை வெறுமையாயில்லை. காணாததை இல்லாததென்று கொண்டவர்கள் தாமே ஏமாந்தார்கள், ஏமாற்றியவர் எவருமில்லை.

2017இல் நிகழ்ந்ததோ வேறு. 'மெட்ராய்டு பிரைம் 4' என்ற விளையாட்டின் பெயர்ச்சின்னத்தை மட்டும் அதே நிறுவனம் காட்டிற்று. விளையாட்டின் காட்சி ஒன்றுகூட இல்லை. எனினும் ஆரவாரம் எழுந்தது! 2019 ஜனவரியில், செய்தவரை தரம் எட்டவில்லையென ஒப்புக்கொண்டு, ரெட்ரோ ஸ்டூடியோஸ் குழுவினரோடு முதலிலிருந்து தொடங்குவதாக நிறுவனமே அறிவித்தது. அந்த நேர்மை போற்றத்தக்கது. ஆனால் வெறும் பெயருக்குக் கைதட்டியவர்களையும் இங்கே விசாரிக்கத்தான் வேண்டும். அறிவிப்பில்லாத ஓராண்டைப் பொறுக்காத கூட்டம், சமைக்காததையும் பரிமாறும்படி சமைப்பவனை நெருக்குகிறது. பின்னர் பசி தீரவில்லையென்று அதுவே புலம்புகிறது. வஞ்சனை என்று ஒன்று இங்கு உண்டெனில், அதில் இரு கைகள் இருக்கின்றன.

அவ்விளையாட்டு 2025 டிசம்பரில் வெளிவந்தது. பெயரைக் கண்டு பத்து வயதில் துள்ளிய சிறுவனுக்கு அப்போது பதினெட்டு வயது.