விதைச் சட்டியிற் கைவைக்கலாமா?

உங்கள் வீட்டிலே ஒரு சட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மழைக்கு ஊன்றுவதற்கென எடுத்துவைத்த இரண்டு சுண்டு கௌபி அதனுள் இருக்கிறது. அடுப்படியில் வேறொன்றும் இல்லை. பிள்ளை பசி என்கிறது. அதை எடுத்து அவிப்பது குற்றமா?

முரசுமோட்டையாருக்கு இது குருமடத்து வகுப்பறைக் கேள்வி அன்று. பரந்தன் - முல்லைத்தீவு வீதியில், இரணைமடுத் தண்ணீரால் நெல் விளைகின்ற ஊர் அது. 2009 தை மாதத்தில் போர் அவ்வழியே வந்தபோது சனங்கள் வீட்டையும் வயலையும் விட்டுப் பெயர்ந்தார்கள். பையில் முடிந்துகொண்ட விதையை அவர்கள் வழியிலே உலையில் இட்டிருந்தால், குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஆயினும் விதையைத் தின்பது சிறு காரியமன்று. பஞ்சகாலத்தில் எகிப்தியர் யோசேப்பிடம் வந்து, உணவுக்காகவும் விதைக்காகவும் தங்கள் நிலத்தையே கொடுத்ததைத் தொடக்க நூலில் வாசிக்கிறோம். 1941 முதல் 1944 வரை லெனின்கிராட் நகர் முற்றுகைக்குள் கிடந்தபோது, வவிலோவ் என்னும் அறிஞர் சேர்த்துவைத்த விதைக் களஞ்சியத்தின் ஊழியர் பலர், தானியப் பொதிகளின் நடுவே பட்டினியால் மாண்டார்கள். நெல் விதைகளைக் காத்த திமித்ரி இவானொவ் அவர்களுள் ஒருவர்.

அவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் அவர்கள் கொடுத்தது தங்கள் உயிரை. நமது சட்டியின் முன்னால் நிற்கும் தாய் கொடுக்கவேண்டியது பிள்ளையின் உயிரை. அதைக் கொடுக்கும் உரிமை ஒருவருக்கும் இல்லை. ஆகவே அவிக்கட்டும் என்பதே என் தீர்ப்பு. கடும் நெருக்கடியில் பிறர் பொருளை எடுத்து உயிர் காப்பதுகூடக் களவாகாது என்று புனித தோமஸ் அக்குவினாஸ் கற்பித்தாரே. தன் சட்டியில் எடுப்பவளுக்கு என்ன பயம்?

கணக்குக் கேட்கவேண்டியது அடுத்த வீட்டாரிடம். அவள் சட்டி வெறுமையானபோது அவர்களிடம் கொடுப்பதற்கு விதை இருந்ததா? கௌபி விடயத்தில் எவரும் சாக்குச் சொல்வது கடினம். அதன் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆகையால் 'வருணி' இனத்தை ஊன்றினால் வருணியே வரும். ஆண்டுதோறும் கடைக்குப் போகவேண்டியதில்லை. இரண்டு, இரண்டரை மாதத்தில் நெற்றாகிவிடும். நோயில்லாத செடிகளை முன்னரே குறித்துவைத்து, அவற்றிற் கைவைக்காமல் முற்றவிட வேண்டும். (நம் வீடுகளில் பாதி, பிஞ்சாகவே கறிக்குப் போய்விடுகிறது என்பது வேறு கதை.)

எதிரி வண்டுதான். அது தோட்டத்திலேயே காயின்மேல் முட்டையிட்டு, விதையோடு வீட்டுக்குள் வந்துவிடும். புழு உள்ளிருந்து தின்று, வட்டத் துளையிட்டு வண்டாக வெளிவரும். ஏறக்குறைய மாதத்துக்கொரு தலைமுறை. சில மாதங்களிற் சட்டியில் மாவே மிஞ்சும். பல்லிற் கடித்தால் உடையுமட்டும் வெயிலிற் காயவைத்து, சலித்த அடுப்புச் சாம்பலைத் தாராளமாகக் கலந்துவைத்தால், வண்டு விதைகளினூடே நகர முடியாது. சோடாப் போத்தலிற் கழுத்துமட்டும் நிரப்பி இறுக மூடினாலும் காற்றின்றிச் சாகும்.

2022இல் தட்டுப்பாடு வந்தபோது, அரசாங்கம் தன் ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னது. நேரம் கிடைத்தது, விதை எங்கிருந்து வரும்?

எவ்வளவு சாம்பல் போட்டாலும், வெள்ளமோ ஓட்டமோ வந்தால் ஒரு நாளிற் சட்டியோடு போய்விடும். நாலு வீட்டில் இருக்கும் விதை அப்படி ஒருமிக்கப் போவது அரிது. 2009இற் போல ஊரே பெயர்ந்தால், வேறு ஊரில் உள்ள உறவினரிடம் இருப்பதே எஞ்சும். ஆகவே இம்முறை எடுக்கும் விதையிற் பாதியை வெளியே கொடுத்துவிடுங்கள். ஒரு பங்காவது தூரத்து ஊருக்குப் போகட்டும்.

வாங்கிப்போனவர் ஊன்றாமல் அவித்துத் தின்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அப்படியானால் அந்த வீட்டிலே பசி இருந்திருக்கிறது. அது நமக்கு முன்னரே தெரியாமற் போனது எப்படி என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.