கழற்றுதலும் பூட்டுதலும்

கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் சாகல நகரத்திலிருந்து ஆண்ட மிலிந்தன் என்னும் யவன அரசனுக்கும், நாகசேனர் என்னும் பிக்ஷுவுக்கும் நடந்ததாகப் பாலி மொழியில் எழுதிவைக்கப்பட்டிருக்கும் சம்வாதத்தில், பிக்ஷுவானவர் அரசன் ஏறிவந்த தேரை வாக்கினாலேயே அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டுவிடுகிறார். அச்சுதான் தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாக வினவி, ஒவ்வொன்றுக்கும் ‘அன்று’ என்னும் விடையை அரசன் வாயிலிருந்தே வருவித்து, உறுப்புகளைச் சார்ந்து வழங்கிவரும் வெறும் பெயரே தேர் என்று அவனை ஒப்புக்கொள்ள வைத்து, நாகசேனன் என்பதும் அவ்விதமான வழக்கே, உள்ளே ஆன்மா என்று தனியாக ஒன்றும் இல்லை என்று முடிக்கிறார். தர்க்கம் அழகானது. ஆயினும் கழற்றிய தேரை அவர் திரும்பப் பூட்டவில்லை. பூட்டியிருந்தால் வேறு சில விஷயங்களும் அவர் கண்ணில் பட்டிருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கைக் கழற்றிப் பூட்டுகிறவனுக்கு அப்படிப் பாதியில் நிறுத்தும் சலுகை கிடையாது. முன் சக்கரத்தையும் மட்கார்டையும் இறக்கி, அடித் திருகை நெகிழ்த்தினால், ஒரு காலத்தில் பொன்னிறமாக ஊற்றப்பட்ட எண்ணெய், உலோகத் துகள் கலந்து கரியும் சாம்பலுமான நிறத்தில் தட்டில் வழிகிறது. பிறகு நீண்ட சுருள் ஸ்பிரிங், மேலும் கீழும் வழுக்கும் உறைக்குழாய், அதை ஆட்டமின்றித் தாங்கும் புஷ், எண்ணெய் கசியாதபடி குழாயைத் தன் மெல்லிய உதட்டினால் தழுவிக்கொண்டிருக்கும் ஆயில் சீல், இத்தனைக்கும் முதுகெலும்பாக நிற்கும் ஃபோர்க் பைப் என்று எல்லாம் வரிசையாக வெளியே வருகின்றன. மண்ணெண்ணெயில் கழுவிப் பழைய செய்தித்தாளின்மேல் பரப்பிவைத்த இந்த உருப்படிகளில் எதுவுமே குறையவில்லை; ஆனால் ஃபோர்க் என்ற ஒன்று அங்கே இல்லை. நாகசேனருடைய தேரை எடுத்து மேலும் நுணுக்கமாக ஆராய்ந்த ஏழாம் நூற்றாண்டு ஆசாரியர் சந்திரகீர்த்தி, உறுப்புகளின் தொகுதியும் தேரன்று, அவை கூடிய வடிவமும் தேரன்று என்றார். முதல் பாதிக்கு அந்தச் செய்தித்தாளே சாட்சி. இரண்டாம் பாதிக்குச் சாட்சி வேண்டுமானால், எல்லாவற்றையும் பூட்டி எண்ணெயை மட்டும் ஊற்றாமல் விட்டுப் பார்க்கலாம்: பார்வைக்கு அணுவளவும் பேதம் தெரியாது, ஆனால் முதற் பள்ளத்தில் இறங்கிய வண்டி அதன்பின் வெகுதூரம் குதித்துக்கொண்டே போகும்.

அந்தக் குதிப்பை அடக்குவதுதான் எண்ணெயின் வேலை. சிறு துவாரங்களின் வழியே நெருக்கப்படும் எண்ணெய், மெதுவாக அழுத்தினால் வழிவிடுகிறது, திடுமென்று இடித்தால் எதிர்த்து நிற்கிறது. அசைவின் சக்தி முழுவதும் உஷ்ணமாக மாறி அதனுள்ளேயே கரைந்துவிடுகிறது. ஒன்றினுள் ஒன்று செருகிய குழாய்களை இவ்வாறு எண்ணெயினால் அடக்கும் முறை, 1935-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ ஆர் 12 என்னும் வண்டியோடு விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் இருந்தவற்றில் பெரும்பாலானவை இரும்புச் சட்டங்களைக் கோத்த ஃபோர்க்குகள். நமக்கு வேண்டிய கேள்வி, இந்த அடக்கும் தன்மை எதிலே இருக்கிறது என்பதுதான். டின்னில் இருக்கும் எண்ணெயில் அது இல்லை. துவாரமோ வெறும் இன்மை. ஸ்பிரிங்குக்கு அந்தக் குணத்தின் நேர் எதிரான குணம். ஒன்றிலும் இல்லாத தன்மை, முறைப்படி கூடியவுடன் வந்து நிற்கிறது.

இந்த இடத்தில்தான் வைசேஷிகம், நியாயம் என்னும் தரிசனங்களைச் சேர்ந்தவர்கள், உறுப்புகளுக்கு வேறாக, அவற்றில் சமவாயமாக, அதாவது பிரிக்க முடியாத உறவாக, தங்கும் அவயவி என்று முழுப்பொருள் ஒன்றை ஒப்புக்கொண்டார்கள். (வஞ்சி மாநகரில் மணிமேகலை கேட்டறிந்த சமயவாதங்களில் வைசேஷிகமும் உண்டு, ஆகையால் இது தமிழுக்குப் புதிய வழக்கன்று.) ஆனால் அவர்கள் அதற்குக் கொடுத்த விலை அதிகம். ஆடையிலிருந்து ஓர் இழையை உருவினால் பழைய ஆடை நசித்துப் புதிய ஆடை தோன்றுகிறது என்று அவர்கள் சொன்னார்கள். அக்கணக்கின்படி ஒரு ஆயில் சீலை மாற்றினாலும் பழைய ஃபோர்க் மாண்டு வேறொரு ஃபோர்க் பிறந்துவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும். மோட்டார் வாகன ஆபீஸ் இவ்வளவு தூரம் போவதில்லை. சட்டகத்திலும் இன்ஜினிலும் வெட்டிய எண்கள் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருந்தால் அதற்கு அதே வண்டிதான். முன் ஃபோர்க் அதன் தத்துவ விசாரணைக்கு உட்பட்டதே அன்று. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியோடு சேர்ந்து 1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் ஒரு கூட்டுக் கம்பெனியைத் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட்டைச் செய்யலானபின், 1970-ஐ ஒட்டித் தாய்க் கம்பெனியின் உற்பத்தியே அங்கு நின்றுபோக, ஊரும் தொழிலாளரும் உலோகமும் மாறிய பிறகும் என்ஃபீல்டு என்ற பெயர் இங்கே தொடர்ந்து வழங்குவதை நினைத்தால், பெயரின் பக்கமே நியாயம் அதிகம் போலவும் தோன்றும்.

ஆயினும் பூட்டும்போது நேர்வதை வெறும் பெயரைக்கொண்டு விளக்க முடிவதில்லை. கண்ணுக்கு நேராகத் தெரியும் குழாயைச் சமமான கண்ணாடியின்மேல் உருட்டிப் பார்த்து, அது நடுவில் மயிரிழை வளைந்திருப்பது தெரிந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டியிருக்கிறது. துருப்பிடித்துக் குழி விழுந்த குழாயைப் பொருட்படுத்தாமல் ஏற்றினால், அது புதிய சீலின் உதட்டைச் சில நாளில் கிழித்து எண்ணெயை வெளியே விட்டுவிடுகிறது. எல்லாம் சரியாக அமைந்தபின்னும், அச்சின் பிடி போல்ட்டுகளை அவசரப்பட்டு முடுக்கினால் இரண்டு கால்களும் ஒன்றையொன்று முறுக்கி, ஏறி இறங்க மறுக்கின்றன; ஹாண்டில் பாரைப் பிடித்துப் பலமுறை அழுத்தி, கால்கள் தாமே ஒன்றுக்கொன்று இணையாக அமர்ந்தபின் முடுக்குவதே முறை. முழுமை என்பது நாம் இட்ட பெயர் மாத்திரமானால், ஓர் உறுப்பை ஏற்கவும் மற்றொன்றைத் தள்ளவும் அப்பெயருக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? பௌத்தர் இதற்குப் பிரதீத்ய சமுத்பாதத்தை விடையாகச் சொல்வார்: இது இருந்தால் அது உண்டாகிறது, இது இல்லையேல் அதுவும் இல்லை, சார்பின் ஒழுங்குக்குப் பொருள் ஒன்று அடியில் கிடக்க வேண்டியதில்லை. இந்த விடையை நான் ஏற்கிறேன். தேர் வெறும் பெயர் என்று நாகசேனர் சொன்னதைவிட இது உறுதியானது. வண்டியைப் பொறுத்தவரை இதுவே போதுமானதும் ஆகும்.

வண்டியிலிருந்து ஓட்டுபவனுக்குத் தாவும்போதுதான் எனக்குத் தயக்கம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞான போதம் செய்த மெய்கண்டார், உடலை மாயையின் இயந்திரம் என்றே கூசாமல் சொல்லிவிட்டு, அந்த இயந்திரத்தினுள் அதற்கு வேறாக அறிபவன் ஒருவன் உண்டு என்று சாதிக்கிறார். உறக்கத்தில் மூச்சு இடையறாது ஓடினாலும் அப்போது நுகர்ச்சியும் தொழிலும் இல்லை. ஆகவே மூச்சும் ஆன்மாவன்று என்பது அவர் காட்டும் நியாயங்களுள் ஒன்று. ஸ்டாண்டில் நிறுத்தி இன்ஜினை ஓடவிட்ட வண்டி எந்த ஊருக்கும் போய்ச் சேருவதில்லை.

மிலிந்தனும் பின்னொரு கட்டத்தில், உள்ளிருந்து அறிகிறவன் ஒருவன் உண்டல்லவா என்று கேட்கத்தான் செய்தான். மாளிகையில் இருக்கும் நாம் எந்த ஜன்னலின் வழியாகவும் வெளியே பார்ப்பது போல, அப்படி ஒருவன் உள்ளே இருந்தால் அவன் காதின் வழியாகவும் உருவத்தைக் காண வேண்டுமே, ஏன் காண்பதில்லை என்று நாகசேனர் மறுத்தார். மறுப்பு சாதுரியமானது, ஆனால் முடிவானதன்று. ஓட்டுபவன் ஒருவனே என்றாலும், சாலையின் பள்ளத்தை ஹாண்டில் பாரின் வழியாக அறிகிறானேயன்றி ஹாரனின் வழியாக அறிகிறதில்லை. கருவி தனக்குரிய செய்தியை மட்டுமே கொண்டுவருகிறது என்பதனால் செய்தியைப் பெறுகிறவன் இல்லை என்று ஆகிவிடாது. ஃபோர்க்கில் எண்ணெய் வற்றிப்போயிருந்தால், அந்தச் செய்தி நேரே அவனுடைய மணிக்கட்டுக்குத்தான் வந்து சேருகிறது.