வெட்டு ஒன்று, துண்டு ரெண்டு!

பிடித்த படத்தை வெட்டி, பிடித்த பாட்டில் ஒட்டி ரசிகர்கள் செய்கிற வீடியோக்கள் செல்போனில் கொட்டிக் கிடக்கின்றன. பலதைப் பார்த்தால் கண் கூசுகிறது. மின்னல் வெட்டுகிறது, திரை நடுங்குகிறது, ஹீரோ மூன்றாகப் பிரிகிறார். முடிஞ்சதும் மனசுல என்ன நிக்குது? ஒண்ணுமில்லை.

1982-ல் அமெரிக்காவில் ஜிம் கபோஸ்டாஸ் என்ற ரசிகர் இரண்டு வி.சி.ஆர்-களை இணைத்தார். 'ஸ்டார் பிளேஸர்ஸ்' என்ற ஜப்பானிய விண்வெளிப் போர் கார்ட்டூனிலிருந்து ஆகக் கொடூரமான காட்சிகளாகப் பொறுக்கினார். அவற்றை பீட்டில்ஸின் 'ஆல் யூ நீட் இஸ் லவ்' பாட்டில் அடுக்கினார். காதில் அன்பு, கண்ணில் அழிவு! கையில் இருந்த வசதி என்ன? ஒரு டேப்பில் ஓடுவதை இன்னொன்றில் பதியலாம், நிறுத்தலாம். அவ்வளவுதான். எதை எதன் பக்கத்தில் வைப்பது என்று அந்த மனுஷன் யோசித்திருந்தார், அதுதான் விஷயம்.

'அபோகலிப்ஸ் நவ்' எடிட்டர்களில் ஒருவரான வால்டர் மர்ச், நல்ல வெட்டுக்கு மார்க்கே போட்டு வைத்திருக்கிறார். உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23, தாளத்துக்கு 10, மிச்சம் சில்லறை. காமர்ஸ் படித்த புத்தி உடனே கூட்டிப் பார்த்தது. முதல் இரண்டுக்கே 74! டிரம் அடிக்கிற இடத்தில் எல்லாம் வெட்டினால் போதும் என்று நினைக்கிற தம்பிகள் கவனிக்க.

சங்கடம் என்னவென்றால், நல்ல வெட்டு கண்ணுக்குத் தெரியாது. தெரியாததற்கு யார் கைதட்டுவார்கள்? வீடு பெருக்குகிற வேலை மாதிரிதான். செய்தால் தெரியாது, செய்யாவிட்டால் தெரியும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து மூன்று விநாடியைக் குறைத்தவரைவிட, ஒரு பட்டனைத் தட்டி நெருப்பு வரவழைத்தவருக்குத்தான் பேர் கிடைக்கிறது. இது அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனால், கண்ணுக்குத் தெரியாதது பொய்யும் சொல்லும் சார். 1920-ஐ ஒட்டி ரஷ்யாவில் குலெஷோவ் என்ற இயக்குநர், ஒரு நடிகரின் ஒரே முகத்தை சூப் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார். என்னமாய்ப் பசி, என்னமாய்த் துக்கம் என்று பார்த்தவர்கள் சிலாகித்தார்களாம். முகம் மாறவே இல்லை! எஃபெக்ட்ஸாவது 'நான் ஜோடனை' என்று ஒப்புக்கொண்டு வருகிறது. வெட்டு, சத்தம் போடாமல் உள்ளே வந்து, இல்லாத துக்கத்தை வைத்துவிட்டுப் போய்விடுகிறது.

ரசிகர் வீடியோவில் இது விளையாட்டு. கதையில் சேராத காதலர்களைச் சேர்த்து வைக்கிறார்கள். பார்க்கிறவருக்கும் அது தெரியும். இதே கத்தரி செய்தி அறையிலும் இருக்கிறதே! ஒரு தலைவர் என்றைக்கோ சிரித்த சிரிப்பை எடுத்து, ஒரு சாவுச் செய்தியை அடுத்து ஒட்டினால்? அங்கேயும் எஃபெக்ட்ஸ் எதுவும் தேவைப்படாது.